தெற்குத் தெருக் குழாயில் வந்த விரால் மீன்

முள்ளிச்செவலில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருமோ வராதோ, ஆபரேட்டர் மாயகிருஷ்ணன் வாயைத் திறந்தால் புளுகு வருவது நிச்சயம். அதற்கு முறை வைத்து விடுவது கிடையாது, மோட்டார் ரிப்பேர் என்று ஒருநாள் நின்றதும் கிடையாது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வு திறந்துவிடுகிற வேலையில் அந்த ஆள் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். தொட்டி எத்தனையோ நாள் காலியாகக் கிடந்திருக்கிறது. ஆள் ஒருநாளும் காலியானதில்லை.

இதில் மற்றவர்களுக்கெல்லாம் பொழுதுபோக்கு. தெற்குத் தெரு வேலுத்தாய்க்கு மட்டும் வயிற்றெரிச்சல். அந்தப் புளுகு அவள் குடும்பத்துக்குள்ளேயே புகுந்து விளையாடியிருந்தது.

போன வருஷம் சித்திரையில் அவள் மகள் முத்துமாரிக்குக் கல்யாணம். கூப்பிடாமலே மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போய் உட்கார்ந்த மாயகிருஷ்ணன், முள்ளிச்செவல் குழாய்களில் இரவும் பகலும் தண்ணீர் ஓடுகிறது, மூடினாலும் நிற்பதில்லை, வீட்டுக்காரர்கள் குழாய்க்குத் துணி கட்டிவிட்டுத்தான் தூங்குகிறார்கள் என்று அளந்துவிட்டார். அருப்புக்கோட்டைக்காரர்கள் நம்பிவிட்டார்கள். பந்தியில் சாப்பிட்டுவிட்டு எச்சில் கையோடு வரிசையாகக் குழாயடியில் போய் நின்றார்கள். குழாய் ‘உஸ்’ என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு அடங்கிப்போயிற்று. சம்பந்தியம்மா எழுந்த இலைக்கே திரும்பி வந்து அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

இப்போது முத்துமாரிக்கு மாசம் ஒன்பது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். கூட்டிவர வேலுத்தாய் அருப்புக்கோட்டைக்குப் போனபோது சம்பந்தியம்மா காப்பி கொடுத்து, மரியாதையாக உட்காரவைத்துச் சொன்னாள்: “தண்ணி வராத வீட்டுக்குப் பிள்ளைத்தாச்சிய எப்படி மதினி அனுப்புறது? உங்க வீட்டுக் குழாயில தண்ணி வரட்டும், மறுநாளே அனுப்புறேன்.”

வேலுத்தாய்க்குக் கோபம் வரவில்லை. கோபப்பட ஒன்றுமில்லை, அந்த அம்மாள் சொன்னது நியாயம். தெற்குத் தெருவில் நாற்பத்திரண்டு வீட்டுக் குழாயிலும் பதினோரு மாசமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. வேனில் வருகிற தண்ணீரைக் குடம் பன்னிரண்டு ரூபாய் என்று வாங்கித்தான் அந்தத் தெரு சோறு பொங்குகிறது. பிள்ளை பெற்ற வீட்டுக்கு எத்தனை குடம் வேண்டும் என்று எண்ணிப் பார்த்து, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள்.

வந்து பார்த்தால் கதவில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. பதினோரு மாதக் குடிநீர்க் கட்டணம் செலுத்தாத காரணத்தால் ஏழு நாட்களுக்குள் இணைப்பு துண்டிக்கப்படும், இப்படிக்கு ஊராட்சி செயலர் அய்யாத்துரை. வராத தண்ணீரை நிறுத்தப்போகிறார்களாம். வேலுத்தாய் அதை இரண்டு தடவை படித்தாள், எட்டாய் மடித்துச் சுருக்குப்பையில் போட்டாள், மார்ச் இருபத்திரண்டு வரட்டும் என்று காத்திருந்தாள். அன்றைக்குத் தண்ணீர் தினம், கிராம சபை கூடுகிற நாள்.

கிராம சபை பத்து மணிக்கு என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போயிருந்தார்கள். பதினோரு மணிக்குச் சமுதாயக்கூடத்தில் தார்ப்பாய் விரித்தார்கள். தலைவர் பொன்னுராசு ஒரு மணி நேரமாக வந்துகொண்டே இருந்தார், வந்து சேரவில்லை. கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவார், பற்றாளர் என்று பெயர். அவரும் வரவில்லை. வந்திருந்தது இரண்டே பொருள்: மேஜைமேல் கையெழுத்து நோட்டு, மேஜைக்கடியில் போண்டா மூட்டை. கையெழுத்துப் போட்டால் இரண்டு போண்டா. செயலர் அய்யாத்துரை அதில் மட்டும் கண்டிப்பான ஆள், கையெழுத்தில்லாமல் ஒரு போண்டாவைக்கூட வெளியே விடமாட்டார்.

வேலுத்தாய் காலையிலேயே தெருப் பெண்களிடம் சொல்லிவைத்திருந்தாள், நம் பேச்சை எடுக்கிறவரைக்கும் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது, போண்டா வாசனைக்கு மயங்கக்கூடாது என்று. அவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, வடக்குத் தெருக்காரர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படி ஐம்பது அறுபது பேர் வேலையில்லாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் மாயகிருஷ்ணனுக்கு விடுமா? வால்வு திறக்கிற இரும்புச் சாவியைத் தோளிலிருந்து இறக்கினார். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் அந்தச் சாவியை முன்னால் ஊன்றி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அரசாங்கத்தில் நம் தொட்டியைப் பற்றித்தான் பேச்சாக இருக்கிறது என்று மெல்ல ஆரம்பித்தார்.

தொட்டி கட்டின புதிதில் தண்ணீர் மட்டம் பார்க்க அவர் ஏணியில் ஏறினாராம். காலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு ஏறினவர், பாதி ஏணியில் மத்தியானச் சோறு தின்றாராம். உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தால் ஊரில் பொழுது சாய்ந்து மாடுகள் வீடு திரும்புகின்றன, இவர் தலையிலோ உச்சி வெயில் அடிக்கிறது. அந்த உயரத்தில் களைத்துப்போன பருந்து ஒன்று வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, இவரைப் பார்த்துக் கூச்சப்பட்டதாம்.

கூட்டத்தில் இருளப்பன் இருந்தார். அரசு பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது டிக்கெட் எடுக்காதவனை விடமாட்டார், இப்போது கணக்குக்கு ஒத்துவராத பேச்சை விடமாட்டார். தொட்டி முப்பது அடிதான், கட்டும்போது நானே நின்று பார்த்தேன் என்றார்.

“அது கீழருந்து பாத்தா கண்டக்டரே. மேலருந்து பாக்கும்போது அது வேற அளவு” என்றார் மாயகிருஷ்ணன். கண்டக்டர் மேலே ஏறிப் பார்த்ததில்லை என்பதால் அந்த இடத்தில் வாயை மூடவேண்டியதாயிற்று.

அவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிற தண்ணீருக்கு வேகம் எப்படி இருக்கும்? ஒருநாள் கைதவறி நடுத்தெரு வால்வை அரைச் சுற்று கூடுதலாகத் திறந்துவிட்டாராம். ராக்கம்மாள் குழாயடியில் வைத்திருந்த பித்தளைக் குடம் தண்ணீரோடு மேலே கிளம்பியது, வேப்பமரத்தைத் தாண்டியது, கண்மாயைத் தாண்டியது, பக்கத்து ஊராட்சியில் ஒரு வீட்டு வாசலில் பதமாகப் போய் இறங்கியது. சொட்டு சிந்தவில்லை. அந்த ஊர்த் தலைவர் நேர்மையான ஆள், குடத்தைத் திருப்பி அனுப்பினார். கூடவே, தங்கள் எல்லைக்குள் வந்த குடத்துக்கு நுழைவுக் கட்டணம் என்று ஒரு ரசீதையும் உள்ளே போட்டு அனுப்பியிருந்தாராம்.

ராக்கம்மாள் அங்கேயே போண்டா தின்றுகொண்டிருந்தாள். என்னிடம் இருப்பது பிளாஸ்டிக் குடம்தான், பித்தளைக் குடம் கல்யாணச் செலவில் அடகுக்குப் போனது என்றாள். பார்த்தீர்களா, அந்தக் குடம்தான், அடகுக் கடையில் பூட்டி வைக்காவிட்டால் இப்போதும் பறந்துகொண்டிருக்கும் என்றார் மாயகிருஷ்ணன். இவரிடம் என்ன சொல்லி என்ன என்று ராக்கம்மாள் அடுத்த போண்டாவை எடுத்தாள்.

வேலுத்தாய் சிரிக்கவில்லை. இந்த வாய்க்கு ஒரு மூடி செய்து மாட்ட இந்த ஊரில் ஒரு கொல்லன் இல்லையா என்று நினைத்துக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள். தலைவர் இன்னும் வந்துகொண்டுதான் இருந்தார்.

பேச்சு தண்ணீரிலிருந்து தெருவிளக்குக்குத் தாவியது. முள்ளிச்செவல் விளக்கு வெளிச்சத்தில் கோழிகளுக்குப் பொழுது விடிவது தெரியாமல் போய், நாளைக்கு மூன்று முட்டை இட்டு, களைத்துப்போய்ச் சம்பளம் கேட்கின்றனவாம். குப்பை வண்டிக்காரன் இருக்கிறானே, நாம் வாழைப்பழத்தை உரிக்கும்போதே தோலுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறானாம். ஒருநாள் அவன் வந்த வேகத்தில் ஒரு பெரிய மனுஷன் பழத்தைக் கீழே போட்டுவிட்டுத் தோலைத் தின்றுவிட்டாராம். அந்தப் பெரிய மனுஷன் யார் என்று கண்டக்டர் கேட்டார். பெயரைச் சொன்னால் அவருக்கு அசிங்கம் என்று மாயகிருஷ்ணன் பெருந்தன்மையாக மறுத்துவிட்டார். குப்பை வண்டி தீபாவளிக்கு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு அதன் டயரைக்கூட யாரும் பார்க்கவில்லை என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் செயலர் அய்யாத்துரைக்கு ஒரு புகழுரை. வரி போடுவதில் அவரைப்போல நாட்டில் ஆள் கிடையாதாம். பொதுக்குழாயில் தினம் வந்து மூக்கை நனைத்த காக்காய்க்குக்கூடக் கட்டண நோட்டீஸ் போட்டார், மானமுள்ள காக்காய் அது, மறுநாளே ஒரு வெள்ளி மோதிரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கருமேகம் ஊராட்சி எல்லைக்குள் வந்து நின்றது. எங்கள் எல்லைக்குள் தண்ணீர் விநியோகம் செய்ய உனக்கு அனுமதி இருக்கிறதா, உரிமக் கட்டணம் கட்டினாயா என்று அய்யாத்துரை மொட்டைமாடியில் ஏறி நின்று கேட்டார். மேகத்தால் பதில் சொல்ல முடியவில்லை, வந்த வழியே திரும்பிப் போயிற்று. “அதனாலதான் மூணு வருசமா மழை நம்ம பக்கம் எட்டிப் பாக்கல. அந்த மேகம் போய் மத்த மேகங்க எல்லாத்துக்கும் சொல்லிருச்சு.”

கூடம் சிரித்தது. அய்யாத்துரையும் வெட்கப்பட்டுச் சிரித்தார். புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று அவருக்கே தெரியவில்லை, இரண்டு போண்டாவை எடுத்து மாயகிருஷ்ணனுக்குக் கையெழுத்தில்லாமலே கொடுத்தார். பிறகு தலைவர் எங்கே வருகிறார் என்று கேட்பதற்குக் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

போண்டா உள்ளே போனதும் மாயகிருஷ்ணனுக்குத் தெம்பு கூடிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கத்தில் தண்ணீருக்கே அறிவு வந்துவிட்டது, வரி கட்டினது எந்த வீடு கட்டாதது எந்த வீடு என்று அதுவே பார்த்துக்கொள்கிறது, கட்டாத வீட்டு வாசலுக்கு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது என்றார். சொல்லிக்கொண்டே சுவரோரம் இருந்த பெண்களைப் பார்த்தார். நாற்பத்திரண்டு வீட்டிலும் நோட்டீஸ் வாங்கிய ஒரே வீடு வேலுத்தாய் வீடுதான். மற்றவர்கள் பயந்துகொண்டு காற்றுக்கு மாசம் முப்பது ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் கூலி வேலைக்காரிதான், ஆனால் காற்றை விலைக்கு வாங்க அவள் தயாராக இல்லை.

“அப்ப கட்டினவங்க வீட்டுல ஏன் வரல?” என்று கண்டக்டர் கேட்டார்.

யார் சொன்னது வரவில்லை என்று? மாயகிருஷ்ணன் சாவியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். தெற்குத் தெருவில் தண்ணீர் தாங்க முடியாமல்தான் அவரே கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறாராம். “போன மாசம் தெற்குத் தெருக் குழாயில ஒரு விரால் மீன் வந்துச்சு. முழங்கை நீளம். குழாய் முக்கா இஞ்சு, மீன் முழங்கை. எப்படி வந்துச்சுன்னு கேக்காதீக, அது தண்ணியோட வேகம். அந்தத் தெருவே அன்னைக்கு மீன் குழம்புதான்.”

வேலுத்தாய் எழுந்துவிட்டாள்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குடம் பறக்கட்டும், மேகம் ஓடட்டும், அதனால் யாருக்கு நஷ்டம்? இது அவள் தெருக் குழாய். இந்தக் குழாயால்தான் அவள் மகள் நிறைமாசமாக அருப்புக்கோட்டையில் உட்கார்ந்து அம்மா எப்போது வருவாள் என்று வழி பார்க்கிறாள். அந்த ஆளோடு மல்லுக்கட்டுவதில் பிரயோஜனம் இல்லை, செயலரிடம் நோட்டீஸை விரித்து வைத்து நேருக்கு நேர் கேட்டுவிடுவோம் என்று மேஜைக்குப் போனாள். செயலர் வெளியே சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். மேஜைமேல் கையெழுத்து நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய நோட்டு விரித்தபடி கிடந்தது. தீர்மான நோட்டு. கூட்டத்தில் பேசுவதைக் கூட்டம் முடிந்தபின் எழுதுகிற நோட்டு. கூட்டம் இன்னும் தொடங்கவே இல்லை, ஆனால் இரண்டு பக்கம் முழுக்க எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தது.

வேலுத்தாய் எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து ஒரு வரி படித்தாள். தன் பெயரைப் பார்த்தாள். நோட்டைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“மாயண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. உங்களுக்கு மேல ஒருத்தர் சொல்லியிருக்காரு, வாசிக்கிறேன், கேளுங்க.”

அவள் சத்தமாக வாசித்தாள். “தீர்மானம் எண் நான்கு. தெற்குத் தெருவில் உள்ள நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் நாள் ஒன்றுக்கு நபர் ஒருவருக்கு ஐம்பத்தைந்து லிட்டர் வீதம் பாதுகாக்கப்பட்ட குடிநீர் தங்கு தடையின்றி வழங்கப்பட்டு வருவது குறித்து சபை மகிழ்ச்சி தெரிவித்தது. தெற்குத் தெரு பொதுமக்கள் சார்பாகத் திருமதி வேலுத்தாய் அவர்கள் எழுந்து கண்ணீர் மல்க நன்றி கூறினார்.”

அவள் விடவில்லை, கடைசி வரிக்குப் போனாள். “கூட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கலந்துகொண்டனர். பகல் பன்னிரண்டு முப்பது மணிக்கு நாட்டுப்பண்ணுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.”

கண்டக்டர் பழக்க தோஷத்தில் எழுந்து தலைகளை எண்ணினார். ஐம்பத்தேழு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு டிரிப் ஷீட்டை அவர் பார்த்ததில்லை.

எல்லோரும் மாயகிருஷ்ணனைத்தான் பார்த்தார்கள். அவர் வாய் திறந்தபடி இருந்தது, ஒன்றும் வரவில்லை. பிறகு சாவியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். “சத்தியமாச் சொல்றேன் தங்கச்சி, இந்த அளவுக்கு நான் ஒருநாளும் போனதில்ல. இதுல தேதியத் தவிர ஒண்ணும் நெசமில்லையே.”

அந்த நேரம் பார்த்துச் செயலர் உள்ளே வந்தார். நோட்டு அவள் கையில் இருப்பதைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. எப்போதும் முந்தின நாளே எழுதிவைப்பதுதான் வழக்கம், அதிகாரி வந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுவார், உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது என்று இழுத்தார். தன் பெயர் எதற்கு என்று வேலுத்தாய் கேட்டாள். தெற்குத் தெருவிலிருந்து ஒரு பெயர் வேண்டியிருந்தது, அப்போதுதான் உங்களுக்கு நோட்டீஸ் எழுதி முடித்திருந்தேன், பெயர் கையில் வந்துவிட்டது என்றார். இணைப்பைத் துண்டிக்கிறேன் என்று ஒரு தாளிலும், இணைப்புக்கு அழுதுகொண்டே நன்றி சொன்னாள் என்று இன்னொரு தாளிலும், ஒரே பேனாவில், ஒரே இருப்பில் எழுதியிருக்கிறார் மனுஷன். நடுவில் பேனாவுக்குக்கூட உறுத்தவில்லை.

தலைவர் பொன்னுராசு ஒருவழியாக வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை கசங்காமல், யார் யார் சால்வை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தவர் காதில் செயலர் ஏதோ சொன்னார். தலைவருக்கு அந்த நான்காம் தீர்மானம்தான் முக்கியம். ஊரில் ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வருகிறது என்று சபை தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வைத்தால், மேலிடத்திலிருந்து ஒரு சான்றிதழ் வரும், மேடையில் ஏறி வாங்கலாம். அதற்கு எல்லாத் தெருக் கையெழுத்தும் வேண்டும். பற்றாளர் அரைமணி நேரத்தில் வந்துவிடுவார். சுவரோரத்தில் பதினெட்டுத் தெற்குத் தெருப் பெண்கள் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் கையைக் கூப்பினார். சின்னத் தவறு, பெரிதாக்க வேண்டாம், முதலில் கையெழுத்தைப் போடுங்கள், ஒரு வாரத்தில் தண்ணீர் வரும் என்றார். இந்த ஒரு வாரம் பதினோரு மாசமாக நடந்துகொண்டிருக்கிறது.

வேலுத்தாய் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். “நான் அழுது நன்றி சொன்னதா எழுதிட்டீக. சரி, சொல்றேன். எங்க வீட்டுக் குழாயில ஒரு குடம் ரொம்பட்டும், இங்க வந்து அழுதே சொல்றேன், கையெழுத்தும் போடுறேன். ரொம்பலைன்னா அதிகாரி வந்ததும் இத நானே வாசிச்சுக் காட்டுறேன்.”

தலைவர் மாயகிருஷ்ணன் பக்கம் திரும்பி, போய்த் தெற்குத் தெரு வால்வைத் திற என்றார். இருபத்திரண்டு வருஷமாக வானத்தையே வால்வு போட்டு மூடுகிறவர்போலப் பேசிய ஆள், சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். கூட்டம் முழுவதும் பின்னால் போயிற்று. தெற்குத் தெருத் திருப்பத்தில், போன வருஷம் போட்ட சிமெண்ட் ரோட்டின் நடுவில் வந்து நின்றார். நின்றவர் நின்றுகொண்டே இருந்தார்.

“திற” என்றார் தலைவர்.

“வால்வு இதுக்குக் கீழ இருக்கு” என்றார் மாயகிருஷ்ணன்.

அவர் காலுக்குக் கீழே ரோடுதான் இருந்தது. ரோடு போடுகிறபோது ஈரம் படக்கூடாது, தண்ணீரை நிறுத்து என்றார்களாம், இவர் வால்வை மூடியிருக்கிறார். மறுநாள் வந்து பார்த்தால் வால்வுத் தொட்டிக்கும் சேர்த்து மேலே சிமெண்ட் போட்டு மொழுகிவிட்டார்கள். காண்டிராக்டர் தலைவரின் மைத்துனர். யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் வேலை போகும் என்று பயந்து, பதினோரு மாசமாகப் பருந்தையும் மேகத்தையும் மீனையும் மேலே போட்டு அந்த வால்வை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டிருந்திருக்கிறார். குழாய்ப் பட்டியலில் நாற்பத்திரண்டு பெயர் இருந்ததால் செயலர் மாசாமாசம் கட்டணம் போட்டுக்கொண்டே இருந்தார். தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லையாம்.

வேலுத்தாய்க்கு அந்த ஆளைப் பார்க்க முதல்முறையாகக் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது. அதைவிடப் பலமடங்கு ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் மகள் இப்போது வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

புது ரோட்டை உடைப்பதா என்று தலைவர் தயங்கினார். இருபத்தைந்து வருஷம் உழைக்கிற ரோடு என்று நோட்டில் எழுதியிருக்கிறது என்றார் செயலர். அதற்குள் வேலுத்தாய் வீட்டிலிருந்து கடப்பாரை வந்துவிட்டது. யாரையும் எதிர்பார்க்காமல் அவளே ஓங்கிப் போட்டாள். நாலாவது அடியில் இருபத்தைந்து வருஷமும் பெயர்ந்து வந்தது. ஊத்தப்பக் கனம்கூட இல்லை. கண்டக்டர் ஒரு சில்லை எடுத்து விரலால் நசுக்கினார், பொடியாகிவிட்டது. தலைவர் அந்தப் பக்கம் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்தார்.

மாயகிருஷ்ணன் குழியில் குனிந்து சாவியை மாட்டித் திருகினார். வேலுத்தாய் வீட்டுக் குழாய் முதலில் இருமியது. பிறகு காற்று. பிறகு காப்பித் தூள் கலந்ததுபோல ஒரு கலங்கல். அதற்கும் பிறகு, சுண்டுவிரல் தடிமனில், அவசரமே இல்லாமல், தண்ணீர் வந்தது. குடம் பறக்கவில்லை. மீனும் வரவில்லை. நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் அதைப் பார்க்க வந்து நின்றார்கள். வேலுத்தாய் சும்மா கையை நீட்டி அதில் நனைத்துக்கொண்டே நின்றாள். செயலர் எழுதியிருந்த கண்ணீர், எழுதின நேரத்துக்கு அரைமணி பிந்தி, அப்போதுதான் வந்தது.

குடம் நிறைந்ததும் சொன்ன வாக்குப்படி போய்க் கையெழுத்துப் போட்டாள். போடுவதற்கு முன் நோட்டீஸைக் கிழிக்கவைத்தாள், பதினோரு மாசக் கட்டணம் தெரு முழுவதற்கும் ரத்து, கட்டினவர்களுக்குத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதவைத்தாள். நோட்டில் பக்க எண் இருந்ததால் பழைய தாளைக் கிழிக்க முடியவில்லை. செயலர் அடியில் ஒரு வரி சேர்த்தார்: மேற்படி குடிநீர் இன்று பகல் ஒரு மணி முதல் வருகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், கூட்டம் முடிந்து அரைமணி நேரம் கழித்து வந்த தண்ணீருக்குக் கூட்டத்திலேயே நன்றி சொல்லியாகிவிட்டது. கடைசியில் வந்து சேர்ந்த பற்றாளர் அதைப் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு போண்டா வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கெல்லாம் மாயகிருஷ்ணனுக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. உடைந்த ரோட்டுப் பக்கம் நின்று, நாலடிக் கனச் சிமெண்ட்டைத் தன் சாவியால் ஒரே தட்டில் பிளந்ததையும், உள்ளிருந்து கிளம்பிய தண்ணீர் தன்னைப் பக்கத்து வீட்டு மாடி வரை கொண்டுபோய் இறக்கிவிட்டதையும் வழியே போகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டக்டர்கூட அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தார், மறுக்கவில்லை. தீர்மான நோட்டைக் கேட்ட பிறகு அவருக்கு மாயகிருஷ்ணன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

வேலுத்தாய் வீட்டில் இருந்த குடம், வாளி, அண்டா, சோற்றுப்பானை எல்லாவற்றையும் நிரப்பினாள். நிரப்ப வேறு பாத்திரம் இல்லை என்றானதும் குழாயை மூடாமலே திண்டில் உட்கார்ந்து அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டாள்.

“மதினி, நம்ம வீட்டுக் குழாயில தண்ணி வருது.”

சம்பந்தியம்மா நிதானமாகக் கேட்டாள்: “இதையும் அந்த ஆபரேட்டருதான் சொல்லச் சொன்னாரா?”

வேலுத்தாய் வாதாடவில்லை. போனைக் குடத்து வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் அருப்புக்கோட்டை வரைக்கும் போகட்டும் என்று கை வலிக்கிறவரை பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு காதில் வைத்து, கேட்டதா மதினி என்றாள்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு. சத்தம் நல்லாத்தான் இருக்கு” என்றாள் சம்பந்தியம்மா. “வெள்ளிக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டு வாறோம். வரும்போது எதுக்கும் ரெண்டு குடம் தண்ணியும் கொண்டு வாறோம்.”